பல்லுக் கொழுக்கட்டை

தாமோதரன் சட்டையில் ஒரு பச்சை பேட்ஜ் உண்டு. நடுவில் வெள்ளைச் சிலுவை, கீழே 'முதலுதவியாளர்' என்று எழுத்து. மறைமலை நகரில் கார்க் கதவுக்குக் கீல் செய்கிற ஒரு கம்பெனியில் அவன் லைன் சூப்பர்வைசர். அந்த ஷிஃப்டில் யாருக்காவது கை அறுந்தாலோ மயக்கம் வந்தாலோ முதலில் ஓடி வரவேண்டியவன் அவன்தான். இந்த ஒரு வருஷத்தில் அப்படி ஓடி வந்தது இரண்டே தடவை. ஒருத்தனுக்குக் கட்டைவிரலில் சிராய்ப்பு, இன்னொருத்தனுக்கு வெறும் வயிற்றோடு வேலைக்கு வந்த கிறுகிறுப்பு. இரண்டு பேருக்கும் குளூக்கோஸ் கரைத்துக் கொடுத்து உட்கார வைத்தான். நல்லவேளை, இரண்டு பேருமே பிழைத்துக்கொண்டார்கள்.

செம்பாக்கத்தில் அந்த பேட்ஜுக்கு இருந்த மரியாதையே தனி. வேலை முடிந்து வந்த பிறகும் அதைக் கழற்ற மறந்தவன் போலப் பால் கடைக்கும் சலூனுக்கும் போய் வருவான். ஏரிக்கரைத் தெருவில் அவர்கள் பழைய குடும்பம். தாத்தா காலத்தில் ஏரித் தண்ணி பாய்ந்த நெல் வயல், அப்பா காலத்தில் கல் நட்ட மனை ஆனது. இவன் காலத்தில் கீழே சொந்த வீடும் மேலே மூன்று வாடகைப் போர்ஷனும். ஊரப்பாக்கத்தில் கட்டிக்கொடுத்த அக்கா கீதா, வருகிறபோதெல்லாம், "எங்க தாமுவுக்கு டாக்டர் வேலையில பாதி தெரியும்" என்று தெருவில் சொல்லிவிட்டுப் போவாள். அவன் வேண்டாம் என்று சொன்னதில்லை.

அந்தப் பாதி எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கம்பெனி கேன்டீன் ஹாலில் போன வருஷம் இரண்டு நாள் பயிற்சி வைத்தார்கள். இரண்டாம் நாள் சாப்பாட்டுக்குப் பிறகு, பயிற்சி கொடுக்க வந்தவர் ஒரு ரப்பர்க் குழந்தைப் பொம்மையை மேசைமேல் வைத்தார். எல்லாருக்கும் கண் சொருகுகிற நேரம். தாமோதரன் எழுந்து, "சார், நம்ம லைன்ல கைக்கொழந்தை யாரும் வேலைக்கு வர்றதில்லையே?" என்று கேட்டான். ஹாலே சிரித்தது. பாதுகாப்பு அதிகாரி ஹேமநாத்கூடச் சிரித்தார். அந்த ஜோரில் பொம்மையை ஒற்றைக் காலைப் பிடித்துத் தூக்கி, வலையில் சிக்கிய மீனைப் போல ஆட்டிக் காட்டிப் போட்டோவும் எடுத்துக்கொண்டான். பிறகு டீ குடிக்கப் போனவன் திரும்பி வரவில்லை. இரண்டு வேளைக்கும் காலையிலேயே கையெழுத்துப் போட்டாயிற்று. அப்போது அவன் பெண்டாட்டி சரளாவுக்கு மூன்றாவது மாதம்.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. முந்தின வாரம் பெய்த மழையில் ஏரி கரை தளும்பிக் கிடந்தது. தெருவில் பாதாளச் சாக்கடைக்கு ஆள் உயரம் தோண்டி, குழாய் வராததால் மூன்று நாளாக அப்படியே விட்டிருந்தார்கள். எட்டு மாதக் குழந்தை வெண்ணிலாவுக்குக் கீழே இரண்டு பல் அரிசி நொய் போல எட்டிப் பார்த்ததால், அன்றைக்குப் பல்லுக் கொழுக்கட்டை. அவர்கள் வீட்டு வழக்கம் அது. கோலிக்குண்டு அளவுக்குக் கொழுக்கட்டை பிடித்து, ஒவ்வொன்றிலும் தேங்காயைப் பல் பல்லாகக் கீறிச் செருகி வேகவைப்பார்கள். குழந்தையைப் பலகையில் உட்கார்த்தி அத்தைக்காரி தலைவழியே கொட்டுவாள். அப்படிக் கொட்டினால் பல் வலியில்லாமல் வரிசையாக முளைக்கும். கீதா காலை ஏழு மணிக்கே மாவும் வெல்லமுமாக வந்து இறங்கிவிட்டாள்.

மத்தியானத்துக்கு மீன். நாலு வருஷமாக அந்தத் தெருவுக்கு ஞாயிறு தவறாமல் மீன் கொண்டுவருகிறவள் அங்காளம்மாள். கோவளத்துக்குப் பக்கத்துக் குப்பத்திலிருந்து விடியற்காலையில் கிளம்பி, சோழிங்கநல்லூரில் இறங்கித் தாம்பரம் பஸ்ஸைப் பிடித்து, கண்டக்டரோடு கூடைக்காக ஒரு சண்டை போட்டு, எட்டரைக்கு ஏரிக்கரைத் தெருவில் குரல் கொடுப்பாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். அவள் பெயர் அங்காளம்மாள் என்பது அன்றைக்கும் தாமோதரனுக்குத் தெரியாது. அவனுக்கு அவள் மீன்காரம்மா.

அவர்கள் வீட்டில் மட்டும் அவளே மீனை ஆய்ந்து கொடுத்துவிட்டுப் போவாள். பக்கவாட்டில் குழாயடி. அங்கிருந்து கூடத்துக்கு ஒரு கதவு. அரிவாள்மணையைப் போட்டு உட்கார்ந்து சங்கராவின் செதிலை உரித்துக்கொண்டே கூடத்துக்குள் எட்டிப் பார்த்தாள்.

"இன்னா கண்ணு, வூட்ல விசேசமா? கொயந்தைக்குப் புதுச் சொக்கா கீது?"

"பல்லு வந்திருக்குக்கா. இருங்க, காட்டறேன்." சரளா குழந்தையைத் தூக்கிக்கொண்டு கதவுக்கு வந்தாள்.

"அட, என் தங்கமே! எங்க, ஈன்னு காட்டு..." அங்காளம்மாள் கையைப் புடவையில் துடைத்தபடி எழுந்தாள்.

சோபாவில் இருந்த தாமோதரன், "சரளா, உள்ள வா. மீன் கை. கொழந்தைக்கு இன்ஃபெக்‌ஷன் ஆயிடும்" என்றான். சத்தமாகச் சொல்லவில்லை. அதற்காகக் காதில் விழாதபடியும் சொல்லவில்லை.

"ஆமா சார், வாஸ்தவந்தான். நான் இங்கேருந்தே பாக்குறேன்," என்று அவள் மறுபடி உட்கார்ந்துகொண்டாள். சரளாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

பத்து மணிக்குப் பலகை போட்டார்கள். பக்கத்து வீட்டுப் பொன்னியம்மாள் தலைக்குமேல் பிடிக்க வெள்ளைத் துணி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அடுப்பில் பால் இருக்கிறது என்று ஓடிவிட்டாள். சரளாவும் தாமோதரனும் துணியைப் பிடித்தார்கள். கீதா கிண்ணத்தைச் சாய்த்தாள். கொழுக்கட்டைகள் துணியில் விழுந்து, குழந்தை தலையில் உருண்டு, மடியில் கொட்டின. வெண்ணிலா இரண்டு கையாலும் அள்ளினாள். ஒன்று வாய்க்குப் போயிற்று.

"பாருடா, பல்லு வந்த ஜோர!" என்று கீதா கைதட்டினாள்.

குழந்தைக்குக் கண் விரிந்தது. வாய் திறந்தபடி நின்றது. சத்தம் இல்லை.

"புரையேறிடுச்சு," என்று சிரித்தான் தாமோதரன். குனிந்து உச்சந்தலையில் இரண்டு தட்டுத் தட்டினான். "யாரோ நெனைக்கிறாங்க என் செல்லத்த. யாரு? ஊரப்பாக்கத்து மாமாவா?" மறுபடி தட்டினான். உச்சியில் ஊதினான். ஊரில் எல்லாரும் செய்கிறதுதான், அவன் அம்மா அவனுக்குச் செய்ததுதான். பேட்ஜ் வாங்கியவன் செய்யக்கூடாததும் அதுதான்.

குழாயடியிலிருந்து குரல் வந்தது. "சார், கொயந்தை இருமல. சத்தம் வரல பாரு. தலைல தட்டாதே!"

அப்போதுதான் அவன் முகத்தைப் பார்த்தான். உதட்டைச் சுற்றி நீலம் பாய்ந்திருந்தது. சரளா அலறினாள். தாமோதரன் குழந்தையின் வாய்க்குள் ஆள்காட்டி விரலை விட்டான். எதுவோ வழுக்கலாகத் தட்டுப்பட்டது. எடுக்கப் பார்த்தான். அது உள்ளே போயிற்று. உள்ளே போனது விரல்நுனிக்கு நன்றாகவே தெரிந்தது.

"கார்! நான் கார் எடுக்கறேன்!" என்று சாவியைப் பிடுங்கிக்கொண்டு வெளியே ஓடினான்.

குழந்தையை விட்டுவிட்டு ஓடினான். காரில் ஏறி ஸ்டார்ட் செய்து, கேட்டுக்கு வெளியே நாலடி நகர்த்தியபோது முன்னால் பள்ளம் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. அது மூன்று நாளாக அங்கேதான் இருந்தது. காலையில் பால் வாங்கப் போனபோது பலகை மேல் நடந்து அதைத் தாண்டினவனே அவன்தான். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அந்தச் சேற்றுத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எத்தனை நேரம் என்று தெரியாது. ஓடிய காரணம் பயம் என்று பிற்பாடு தனக்குத்தானே சொல்லிப் பார்த்தான். அந்த முகத்துக்கு முன்னால் நின்று, தனக்கு ஒன்றும் தெரியாது என்று நாலு பேருக்குத் தெரிந்துவிடுமே என்ற பயம். அதைச் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு நேராகும்.

திரும்பி உள்ளே வந்தபோது அங்காளம்மாள் கூடத்து வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். குழந்தை அவள் இடது முன்கையில் குப்புறக் கிடந்தது. கை தொடைமேல் தாங்கியிருக்க, தலை தாழ்ந்திருந்தது. தாடையை விரல்களால் பிடித்திருந்தாள். வலது உள்ளங்கையின் அடிப்பாகத்தால் இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் ஓங்கி அடித்தாள். ஒன்று, இரண்டு, வாய்விட்டு எண்ணினாள். ஐந்து ஆனதும் குழந்தையை மல்லாத்தி, நெஞ்சு நடுவில் இரண்டு விரலை வைத்து ஐந்து தரம் அழுத்தினாள். வாய்க்குள் பார்த்தாள். விரலை விடவில்லை. மறுபடி குப்புறப் போட்டாள். மூன்றாவது அடியில் கொழுக்கட்டைப் பசையும் ஒரு தேங்காய்ப் பல்லும் தரையில் விழுந்தன.

வெண்ணிலா வீரிட்டாள். அந்த அழுகையைப் போல ஒரு சத்தத்தை அந்த வீடு கேட்டதில்லை. சரளா சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். கீதா கிண்ணத்தைக் கையில் பிடித்தபடியே அழுதாள்.

தாமோதரன் கிட்டே போனான். குழந்தையின் கன்னத்தில் ஒரு மீன் செதில் ஒட்டியிருந்தது. புதுச் சட்டையின் முதுகில் ஐந்து விரலும் ரத்தமும் செதிலுமாகப் பதிந்திருந்தன. அவன் வாயிலிருந்து வார்த்தை வந்தது.

"கைய கழுவுனீங்களா?"

அங்காளம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"கயுவல சார்," என்றாள். "நேரமில்ல."

குழந்தையைச் சரளா மடியில் கொடுத்துவிட்டு, "ஒரு நட டாக்டராண்ட காட்டிடு கண்ணு. உள்ள எதுனா தங்கியிருக்கும்" என்று சொல்லிக் குழாயடிக்குப் போனாள். மிச்ச மீனையும் ஆய்ந்து சட்டியில் போட்டு மூடி வைத்துவிட்டுத்தான் கூடையைத் தூக்கினாள்.

பள்ளத்துக்கு அந்தப் பக்கம் ஆட்டோ பிடித்து, மேற்குத் தாம்பரத்தில் ஒரு குழந்தை டாக்டரிடம் போனார்கள். டாக்டரம்மா நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார், வாயில் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"லங்ஸ் க்ளியரா இருக்கு. முதுகுல அடிச்ச தடம் தெரியுது. இந்த பேக் ப்ளோ யாரு குடுத்தது? ரொம்ப கரெக்டா பண்ணியிருக்காங்க."

சரளா வாயைத் திறப்பதற்குள் கீதா முந்திக்கொண்டாள். "எங்க தம்பிதான் குடுத்தான், டாக்டர். கம்பெனில ட்ரெய்னிங் எடுத்தவன்."

டாக்டரம்மா அவனைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்தான். "ட்ரெய்னிங் எடுத்திருக்கேன் டாக்டர்," என்றான். அது பொய் இல்லை. சில உண்மைகளைச் சொல்வதைவிடப் பொய் சொல்லித் தொலைப்பது கௌரவம்.

"குட். ஆனா தொண்டையில ஒரு கீறல் இருக்கே? யாரோ வெரல விட்டிருக்காங்க. கண்ணுக்குத் தெரியாம வெரல விட்டுத் துழாவவே கூடாது. அடைச்சது இன்னும் கீழ போயிடும்."

"அது அந்த மீன்காரம்மா டாக்டர்," என்றாள் கீதா. "நடுவுல பூந்து வெரல விட்டுட்டா."

அந்த அறையில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. சுவரில் ஒரு யானைப் படம் ஒட்டியிருந்தது. தாமோதரன் பேசுவதற்கு இடம் இருந்தது, நேரமும் இருந்தது. சரளா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் யானையைப் பார்த்தான்.

வெளியே வந்ததும் கீதா தணிந்த குரலில் சொன்னாள். "பின்ன என்னடா, மீன்காரி அடிச்சுக் கொழந்த பொழச்சுதுன்னா டாக்டர் நம்மளப் பத்தி என்ன நெனைப்பாங்க? பேட்ஜ் போட்டவன் நீ என்ன பண்ணிட்டிருந்தேன்னு கேக்க மாட்டாங்க?"

சாயங்காலத்துக்குள் அவள் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள். பொன்னியம்மாளிடமும் சொன்னாள். ஒரு தெருவுக்கு ஒரு பொன்னியம்மாள் போதும். இரண்டு நாளில் ஏரிக்கரைத் தெரு முழுக்க ஒரே பேச்சு. மீன்காரி நாத்தக் கையை வாயில் விட்டுப் பிள்ளையைக் கொல்லப் பார்த்தாளாம், தாமுதான் பிடுங்கிக் காப்பாற்றினானாம்.

அடுத்த ஞாயிறு அங்காளம்மாளின் குரல் தெருமுனையில் கேட்டது. ஒரு கேட்டும் திறக்கவில்லை. பொன்னியம்மாள் மட்டும் மாடியிலிருந்து, "எங்களுக்கு வேணாம்மா, நீ வேற தெரு பாத்துக்க" என்று சொன்னாள். அதற்கடுத்த ஞாயிறு குரலே கேட்கவில்லை.

சரளா கத்தவில்லை, சண்டை போடவில்லை. அவன் கேட்டதற்குப் பதில் சொன்னாள், சோறு போட்டாள். ஒரு நாள் குழந்தைக்குக் கஞ்சி ஊட்டும்போது லேசாகப் புரையேறியது. அவன் கை பழக்கத்தில் உச்சந்தலைக்குப் போயிற்று. சரளா அந்தக் கையைப் பார்த்தாள். குழந்தை தானே இருமிச் சரியாகிவிட்டது. அவன் கை அந்தரத்தில் நின்றுபோயிற்று.

"அவங்க பேரு என்ன?" என்று கேட்டான்.

"யாரு பேரு?"

"அந்த... மீன்காரம்மா."

"நாலு வருஷமா நம்ம வூட்டு வாசல்ல ஒக்காந்து மீன் ஆயறாங்க. இப்பதான் கேக்கணும்னு தோணுச்சா?" கிண்ணத்தைக் கழுவப் போனவள் அங்கிருந்தே சொன்னாள். "அங்காளம்மா."

கம்பெனியில் விஷயம் வேறு மாதிரி வளர்ந்தது. கீதாவின் செய்தி யார் வழியாகவோ ஹேமநாத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. "தாமு, இதுதாங்க நமக்கு வேணும்! பாதுகாப்புக் கூட்டத்துல நீங்க பத்து நிமிஷம் பேசணும். எம்.டி. வர்றார். ஷீல்டுக்குச் சொல்லிட்டேன்" என்றார். தாமோதரன் வேண்டாம் சார், வேண்டாம் சார் என்றான். அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். அவனும் கடைசியில் ஒரு தாளில் எழுதிக்கொண்டான். 'பதற்றப்படாமல்' என்பது அதில் முதல் வார்த்தை.

கேன்டீன் ஹாலில் இருநூறு பேர். மைக்கைப் பிடித்தான். "எல்லாருக்கும் வணக்கம். பதற்றப்படாமல்..." என்று ஆரம்பித்தான். பின்னால் திரையில் ஹேமநாத் ஒரு படத்தைப் போட்டார். ஹால் சிரித்தது. திரும்பிப் பார்த்தான். போன வருஷத்துப் போட்டோ. ரப்பர்க் குழந்தையை ஒற்றைக் காலில் தலைகீழாகத் தொங்கவிட்டுக்கொண்டு அவன் பல்லைக் காட்டிச் சிரிக்கிறான். கீழே 'அன்று பயிற்சி, இன்று வெற்றி' என்று எழுதியிருந்தது.

தாளை மடித்துப் பைக்குள் வைத்தான். அதற்கு மேல் எழுதிவைத்ததைப் படிக்க முடியவில்லை.

"கொழந்தைக்கு மூச்சு அடைச்சப்ப நான் தலைல தட்டினேன்," என்றான். "யாரோ நெனைக்கிறாங்கன்னு சொன்னேன்." சிரித்தார்கள். "சிரிக்காதீங்க. வெரல விட்டேன். உள்ள தள்ளிட்டேன். அப்புறம் ஓடிட்டேன். காப்பாத்துனது மீன் விக்கிற ஒரு அம்மா. அங்காளம்மான்னு பேரு. இந்தப் போட்டோ எடுத்த அன்னிக்கு அந்தப் பொம்மைய வெச்சு என்ன சொல்லிக் குடுத்தாங்கன்னு எனக்குத் தெரியாது. நான் டீ குடிச்சிட்டிருந்தேன்."

எம்.டி. எழுந்து கைதட்டினார். அவர் தட்டியதும் இருநூறு பேரும் தட்டினார்கள். என்ன ஒரு நேர்மை என்றார்கள். அச்சடித்த ஷீல்டை வீணாக்க முடியாது என்று அதையும் கையில் கொடுத்தார்கள். ஒப்புக்கொண்டால் பாரம் குறையும் என்பார்கள். கைதட்டு வாங்கிக்கொண்டு ஒப்புக்கொண்டால் குறையாது போலிருக்கிறது.

வீட்டுக்கு வந்து சரளாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் ஷீல்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் பேசியிருக்கீங்க. அங்க கைதட்டுனவங்க யாராவது அங்காளம்மாக்காகிட்ட மீன் வாங்குவாங்களா?"

அவன் ஷீல்டை அவள் கையிலிருந்து வாங்கிக் கவிழ்த்து வைத்தான்.

"அவங்களுக்குப் பொழப்பு போனது மறைமலை நகர்ல இல்லங்க. இந்தத் தெருவுல."

ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்காளம்மாளைத் தேடிப் போனான். ஏரியின் மறுகரையில், மெயின் ரோட்டோரம், ஒரு பெட்டிக்கடைக்குப் பக்கத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தாள். மத்தி, நெத்திலி, கொஞ்சம் காரப்பொடி மீன். தூறல் விழுந்துகொண்டிருந்தது. கூடையை பாலிதீன் தாளால் மூடியிருந்தாள். அவனைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனாள்.

"இன்னா சார், இம்மாந்தூரம்? கொயந்தை நல்லா கீதுல்ல?"

"நல்லா இருக்கா. நீங்க ஒக்காருங்க." அவன் நின்றபடியே சொன்னான். "நாங்க... உங்களுக்கு ரொம்ப... சரளா ஒரு பொடவ எடுத்து வெச்சிருக்கா."

"பொடவ இன்னாத்துக்கு சார். கொயந்தை மூச்சு விட்டுச்சுல்ல, அது போதும்."

"எப்படி உங்களுக்குத் தெரிஞ்சுது? அந்த மாதிரி அடிக்கணும்னு?"

அவள் மீனுக்குத் தண்ணீர் தெளித்தாள்.

"எனுக்கு மொதல்ல ஒரு பொண்ணு சார். உசுரோட இருந்தா இப்ப முப்பது வயசு ஆயிருக்கும். வேர்க்கடலை துன்னுகினு கீது, நான் வலைக்கு நூல் கோத்துகினு கீறேன். புரையேறிச்சு. நானும் உன்ன மாதிரிதான். தலைல தட்டுனேன், ஊதுனேன். யாரோ நெனைக்கிறாங்கோடின்னு சிரிச்சேன் சார்." பாலிதீன் தாளை இழுத்துச் சரிசெய்தாள். "சிரிச்சினே கீறேன், அது போய்க்கினே கீது."

லாரி ஒன்று சேற்றை வாரி அடித்துக்கொண்டு போயிற்று. அவள் கூடையை உள்ளே இழுத்தாள்.

"அப்பால சுனாமி வந்த வருசம் நர்சம்மாங்கோ குப்பத்துக்கு வந்தாங்கோ. ஒரு பொம்மைய வெச்சிகினு சொல்லிக் குடுத்தாங்கோ. எல்லாரும் நாஸ்டா துன்னுட்டுப் பூட்டாங்கோ. நான் மட்டும் அத்த மடில போட்டுகினு அடிச்சினே கீறேன். நர்சம்மா போதும்மா போதும்மான்னுச்சு. இல்ல கண்ணு, இன்னொரு வாட்டி, இன்னொரு வாட்டின்னேன். பொயுது சாயற வரைக்கும் அடிச்சேன் சார். அந்தப் பொம்மை இன்னா பொயைக்கவா போவுது? ஆனா கைக்குப் பயகிடுச்சு."

தாமோதரனுக்கு மேசைமேல் வைத்த ரப்பர்ப் பொம்மை கண்ணுக்கு முன்னால் வந்தது. பேட்ஜ் அன்றைக்குச் சட்டையில் இல்லை. இருந்திருந்தால் அந்த இடத்திலேயே நின்றிருக்க முடியாது.

"தெருவுல உங்களப் பத்தி ஒரு பேச்சு..." என்று தொடங்கினான்.

"தெரியும் சார். பேஜாரா பூட்ச்சு. வெரல வுட்டேன்னாங்கோ. நான் வுடல. வுடக்கூடாதுன்னு எனுக்குத் தெரியும்." அவள் குரலில் கோபம் இல்லை, சலிப்புத்தான் இருந்தது. "வுடு. ஊர்ல தெருவுக்கா பஞ்சம்?"

"விட்டது நான். அத நான் சொல்லணும். இப்ப என்கூட வாங்க. ஒவ்வொரு வீடா சொல்றேன்."

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். நம்பியதாகத் தெரியவில்லை. ஆனால் மூன்று வாரத்து வியாபாரம் அவளுக்கும் வேண்டியிருந்தது. சும்மாட்டைச் சுருட்டித் தலையில் வைத்தாள். அவன் கூடைக்குக் கை நீட்டினான்.

"கூடைய நீ தூக்காதே சார். சட்ட நாறும்."

பள்ளத்தில் குழாய் இறக்கி மூடியிருந்தார்கள். மேலே புதுமண் சொதசொத என்றிருந்தது. அதன்மேல் இருவரும் நடந்து வந்தார்கள். முதலில் பொன்னியம்மாள் வீடு. கேட்டைத் தட்டினான்.

"அக்கா, அன்னிக்கு எங்க கொழந்தை வாயில வெரல விட்டது நான்தான். காப்பாத்துனது இவங்க. எங்க அக்கா மாத்திச் சொல்லிட்டா. நானும் சும்மா இருந்துட்டேன்."

பொன்னியம்மாள் வாயில் வைத்த கையை எடுக்கவில்லை. "ஏன் தாமு, பேட்ஜெல்லாம் குத்திக்கினு போவியே?" என்றாள்.

"ஆமாக்கா."

இங்கே யாரும் கைதட்டவில்லை. இரண்டாவது வீட்டில் பாதி கேட்டுவிட்டு, "சரி சரி, மத்தி எப்படிம்மா?" என்றார்கள். மூன்றாவது வீட்டுக்காரர், "அப்ப நீ எங்கடா போன?" என்று கேட்டார். "ஓடிட்டேன் சார்," என்றான். ஒவ்வொரு வீட்டிலும் அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் அது புதிதாகக் கூசியது. அங்காளம்மாள் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு, அவமானம் தனக்கு வந்தது மாதிரி நின்றாள். பதினோரு வீடு. ஏழு வீட்டில் மீன் வாங்கினார்கள்.

கடைசியில் அவன் வீடு. ஏதோ முடிந்துவிட்டது என்று அவனுக்குத் தோன்றியது. முதுகு கொஞ்சம் நிமிர்ந்திருந்தது. சரளா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டாள். வெண்ணிலா அங்காளம்மாளைப் பார்த்து இரண்டு பல்லையும் காட்டிச் சிரித்து, இரண்டு கையையும் நீட்டினாள்.

"வாங்குங்கக்கா," என்றாள் சரளா.

"தோ வரேன் கண்ணு," என்று சொல்லி அங்காளம்மாள் கூடையை இறக்கிவிட்டு நேரே குழாயடிக்குப் போனாள். துணி துவைக்கிற சோப்பு ஒன்று அங்கே கிடந்தது. அதை எடுத்து உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்கு, முழங்கை வரைக்கும் தேய்த்தாள். அலம்பினாள். மூக்கில் வைத்து மோந்து பார்த்தாள். திருப்தியில்லை. மறுபடி சோப்பை எடுத்தாள். குழந்தை எட்டி எட்டிச் சிணுங்கிக்கொண்டிருந்தது. நகக்கண்ணில் ஒட்டியிருந்த ஒரு செதிலை நிதானமாகச் சுரண்டி எடுத்துத் தண்ணீரில் விட்டாள்.

தாமோதரன் வேண்டாம் என்று சொல்ல நினைத்தான். பதினோரு வீட்டிலும் சொன்னவன், 'கைய கழுவுனீங்களா?' என்று கேட்ட அந்த ஒரு கேள்வியை மட்டும் எந்த வீட்டிலும் சொல்லவில்லை. அவளிடமும் அதைப் பற்றிப் பேசவில்லை.

அவள் ஈரக் கையோடு வந்தாள். குழந்தையிடம் போகவில்லை, முதலில் அவன் முன்னால் வந்து நின்றாள். குத்திக் காட்டுகிற பார்வை ஏதும் இல்லை. கீல் சரியாக இருக்கிறதா என்று லைனில் அவனிடம் காட்டுவார்களே, அந்த மாதிரி இரண்டு உள்ளங்கையையும் அவனுக்கு நேரே விரித்துக் காட்டினாள்.

"கயுவிட்டேன் சார்," என்றாள். "ரெண்டு வாட்டி."